இறையியலார் என்பவர் யார்?



பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்குக் காலைப்பொழுதில் ஆங்கிலச் செய்தித்தாளே கைக்கு வந்து சேருகின்றது. அதனைப் படிக்குங்கால் 'தியாலஜியன்' என்னும் சொல் அவ்வப்போது கண்ணிற் படும். ஒரு நாள் அது வடநாட்டு நகரம் ஒன்றில் மார்க்கத் தீர்ப்பு வழங்கிய முஃப்தி ஒருவரைக் குறிக்கின்றது. மற்றொரு நாள் உரோமாபுரியில் நூல் வெளியிட்ட கர்தினால் ஒருவரைக் குறிக்கின்றது. ஞாயிற்றுக்கிழமை மதிப்புரைப் பக்கத்தைத் திருப்பினால், நம் இராமாநுசருக்கும் அதே பட்டம் சூட்டப்பட்டிருக்கின்றது. "இச்சொல்லுக்குத் தமிழில் என்ன?" என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் நாம் சற்றே தயங்குகிறோம். மதகுரு என்கிறோம். அது பொருந்தவில்லை என்று கண்டு வேதாந்தி என்கிறோம். அதுவும் பொருந்தாமற் போகவே அகராதியைத் தேடுகிறோம்.

இத்தயக்கம் நம் தமிழறிவின் குறையால் வந்ததன்று. அந்தச் சொல்லே பல ஊர்களிற் குடியிருந்து, ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு தொழில் செய்து வந்த சொல். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அதன் வரலாறு எளிதில் விளங்கும். அன்றியும் இது வெறும் அகராதிச் சிக்கலன்று. கடவுளைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்னும் கேள்வி இச்சொல்லின் உள்ளே அடங்கிக் கிடக்கின்றது. அக்கேள்விக்கு விடை கூறப் புகுந்து நூலைத் தீக்கு இரையாக்கியவர் உண்டு. பதவி இழந்தவர் உண்டு. உயிர் இழந்தவரும் உண்டு.

சொல் பிறந்த இடம் கிரேக்கநாடு. 'தியோஸ்' என்றால் கடவுள். 'லோகோஸ்' என்றால் சொல், காரணம், விளக்கம் எனப் பல பொருள்படும். ஆகவே கடவுளைப் பற்றிச் சொல்பவர் என்பதே இதன் நேர்பொருள். அப்படிச் சொன்ன முதல்வர் யார் என்று பார்த்தால் நமக்கு வியப்பு உண்டாகின்றது. அவர் பேராசிரியரல்லர், பூசாரியுமல்லர். பாட்டுப் பாடிய புலவர். கி.மு. நான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்த அரிஸ்டாட்டில், தேவர்களின் பிறப்பு முறையைப் பாடிய எசியோடு முதலிய பழம்புலவர்களையே இப்பெயரால் அழைக்கின்றார். இயற்கையை ஆராய்ந்து காரணம் கூறியவர்களை அவர் வேறு பெயரால் அழைத்தார். கதை சொன்னவர் ஒரு சாரார், காரணம் சொன்னவர் மற்றொரு சாரார் என்பது அவர் செய்த பிரிவு.

அவருடைய ஆசிரியராகிய பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியிலேதான், நமக்குக் கிடைத்துள்ள கிரேக்க நூல்களுள் 'தியாலஜி' என்னும் சொல் முதன்முதலாகக் காணப்படுகின்றது என்பர். எந்த இடத்தில் வருகின்றது என்பது கருதத்தக்கது. குழந்தைகளுக்கு எத்தகைய கதைகளைச் சொல்லலாம் என்னும் ஆராய்ச்சியின் நடுவே அது வருகின்றது. தந்தையை மகன் சிதைத்தான், தேவர்கள் தம்முட் போரிட்டனர் என்னும் கதைகளைக் கேட்டு வளரும் பிள்ளை எப்படிப்பட்ட குடிமகனாவான் என்று பிளேட்டோ அஞ்சினார். கடவுள் நல்லவர், தீமைக்கு அவர் காரணமாகார் என்னும் வரம்புக்குள் நின்றே புலவர்கள் பாடவேண்டும் என்றார். புலவரின் வாயிலிருந்து அச்சொல்லைப் பறித்து மெய்யறிவாளரின் கையிற் கொடுக்கும் முயற்சி அங்கே தொடங்கிவிட்டது.

பின்னர் உரோமப் பேரரசின் காலத்தில், சின்ன ஆசியாவின் பெர்கமம், எபேசு முதலிய நகரங்களில், பேரரசரைத் தெய்வமாக்கி நடத்திய விழாக்களிற் புகழுரை கூறும் அலுவலர்க்கும் இப்பெயர் வழங்கியதாகக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சம்பளம் வாங்கிக்கொண்டு அரசனைக் கடவுளாக்கியவரும் இறையியலாரே! சொற்கள் எவ்வளவு தாழ்ந்த வேலைக்கும் இசைந்துவிடுகின்றன.

கிறித்தவர்கள் இச்சொல்லை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. புறச்சமயக் கதை நாற்றம் அதில் வீசியது போலும். ஏற்றுக்கொண்ட பிறகோ, கீழைத் திருச்சபையினர் அதனைப் பொன்போல் சிக்கனமாகச் செலவிட்டனர். இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் அவர்கள் 'இறையியலார்' என்னும் சிறப்புப் பட்டத்தை மூவர்க்கே நிலையாக வழங்கினர். ஒருவர் நற்செய்தி எழுதிய யோவான். இரண்டாமவர் நான்காம் நூற்றாண்டின் நசியான்சு கிரகோரி. மூன்றாமவர் 1022-ஆம் ஆண்டில் மறைந்த துறவி சிமியோன். இவர் 'புதிய இறையியலார்' எனப்பட்டார். இம்மூவருள்ளும் கிரகோரியின் கதை நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது.

380-ஆம் ஆண்டு. கான்ஸ்தாந்திநோபிள் நகரம். இயேசு கடவுளுக்கு நிகரானவரா, கடவுளாற் படைக்கப்பட்டவரா என்னும் வழக்கு ஊரையே இரண்டாகப் பிளந்திருந்தது. பெரிய கோயில்களெல்லாம் எதிர்க்கட்சியினர் வசம். கிரகோரி ஒரு வீட்டையே சிறு கோயிலாக்கிக்கொண்டு அங்கே ஐந்து சொற்பொழிவுகள் ஆற்றினார். அவருடைய நண்பரின் தம்பியாகிய நிசா கிரகோரி, சில ஆண்டுகளுக்குப் பின் அந்நகரத்துக் கடைத்தெருவை நகைச்சுவையோடு படம்பிடித்துக் காட்டியிருக்கின்றார். நாணயம் மாற்றச் சென்றால் கடைக்காரன் பிறந்தவரையும் பிறவாதவரையும் பற்றிப் பேசுகின்றானாம். ரொட்டி என்ன விலை என்றால், தந்தையே பெரியவர், மகன் அவருக்குக் கீழ்ப்பட்டவர் என்று விடை வருகின்றதாம். குளிக்க வெந்நீர் ஆயிற்றா என்றால், மகன் இன்மையிலிருந்து உண்டானவர் என்கின்றானாம் குளியலறை ஏவலாளன்.

இன்று தேநீர்க்கடைப் பெஞ்சில் அரசியல் பேசும் நமக்கு இக்காட்சி புதியதன்று. ஊரார் எல்லாரும் இறையியலார் ஆகிவிட்டதைக் கண்டு நசியான்சு கிரகோரி மகிழவில்லை. தம் முதற் சொற்பொழிவிலேயே அவர் ஒரு கட்டுப்பாட்டை வற்புறுத்தினார். கடவுளைப் பற்றி ஆராய்வது எல்லார்க்கும் உரியதன்று. எல்லா வேளைக்கும் எல்லா அவைக்கும் உரியதன்று. உள்ளத்தைத் தூய்மை செய்து பழகியவர்க்கே அது தகும் என்பது அவர் கருத்து. குதிரைப் பந்தயத்தையும் விருந்தையும் பேசுவதுபோல் பொழுதுபோக்காக இதனைப் பேசுவதை அவர் கடிந்தார். இதில் ஓர் ஆபத்தும் உண்டென்று நாம் எண்ணுகிறோம். தகுதி என்னும் வேலியைப் போடுகிறவர், பிறகு அந்த வேலிக்குள் தம்மவரை மட்டுமே விடக்கூடும். ஆனால் கிரகோரி பதவிக்கு வேலி போட்டவரல்லர். மறு ஆண்டே, 381-இல், நகரத்தின் ஆயர் பதவியைத் துறந்து, நடந்துகொண்டிருந்த பெருஞ்சங்கத்தின் தலைமையையும் விட்டு ஊர் திரும்பினார். எஞ்சிய நாளிற் பல்லாயிரம் அடிகள் கொண்ட செய்யுட்களை இயற்றினார். புலவரிடமிருந்து பறிக்கப்பட்ட பெயர் மீண்டும் ஒரு புலவரிடமே வந்து சேர்ந்தது எனலாம்.

அந்தக் காலத்திலே எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியு என்னும் துறவி, வழிபாட்டிற் பழகாதவருக்கு இப்பெயர் உரியதன்று என்று கொண்டார். கீழைத் திருச்சபையின் உள்ளம் இன்றும் அதுவே.

மேலைநாட்டில் கதை வேறு வழியிற் சென்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் அபெலார்டு என்னும் ஆசிரியர் இருந்தார். மாணவர்கள் அவரிடம், சொற்களை மட்டும் மனப்பாடம் செய்யமாட்டோம், பொருள் விளங்கவேண்டும் என்று வற்புறுத்தினர். அதனாலேயே கடவுளின் ஒருமையையும் மும்மையையும் பற்றி நூல் எழுதினேன் என்று அவரே குறித்திருக்கின்றார். 1121-ஆம் ஆண்டு சுவாசோன் நகரில் கூடிய சங்கம் அந்நூலைக் கண்டித்தது. தம் கையாலேயே அதனைத் தீயில் இடுமாறு அவரை வற்புறுத்தியது, அவரும் இட்டார். தம் நூல்களுக்கு அவர் 'தியாலஜி' என்னும் பெயரைச் சூட்டினார். அவரை எதிர்த்த பெர்னார்டு அடிகள் அதனை மூடமொழி என்னும் பொருள்படத் திரித்து எள்ளி நகையாடினார். ஆனால் அபெலார்டு இறந்து ஒரு நூற்றாண்டு ஆவதற்குள் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் இறையியலுக்கென்றே ஒரு புலம் அமைந்துவிட்டது. வழக்காடும் முறையும், ஐயத்தை எழுப்பி விடைகூறும் முறையும் அங்கே நிலைபெற்றன. அன்று முதல் இறையியலார் என்றால் பட்டம் பெற்ற அறிஞர் என்னும் பொருள் வேரூன்றியது.

அவ்வறிஞருள் தலைசிறந்தவர் அக்குவினா தோமா. அவருடைய பெருநூலின் ஒவ்வோர் உறுப்பும் எதிர்க்கட்சியாரின் கூற்றோடுதான் தொடங்கும். ஆனால் 1273-ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் ஒருநாள் காலை வழிபாட்டிற்குப் பிறகு அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். உதவியாளர் வற்புறுத்தியபோது, தாம் கண்டதன் முன்னே தாம் எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தோன்றுகின்றது என்று கூறினாராம். நூல் முடியவில்லை. மறு ஆண்டு மார்ச்சில் அவர் மறைந்தார். பள்ளியிற் கற்றுத் தேர்ந்த பேரறிஞரும் இறுதியிற் பாலைவனத் துறவியின் பக்கம் வந்து நின்றார் என்று சிலர் உரைப்பர். நாம் அவ்வளவு துணிந்து கூறமாட்டோம். எழுதியதை அவர் எரிக்கவில்லை, நிறுத்தினார், அவ்வளவே.

ஊசி முனையில் எத்தனை தேவதூதர் நடனம் ஆடலாம் என்று அக்காலத்தார் வாதிட்டனர் என்னும் கதையை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். அவ்வாறு வாதிட்ட அக்கால ஆசிரியர் எவரும் அறியப்படவில்லை. பிற்காலத்தார் அவர்களை எள்ளுவதற்குக் கட்டிய கதை அது. அந்த ஏளனத்தின் வாலாகவே, இன்றும் ஆங்கில அரசியல் எழுத்தில், பயனற்ற நுண்வாதத்தை 'இறையியல் வாதம்' என்று இகழ்கின்றனர்.

பல்கலைக்கழகத்திற் பெண்களுக்கு இடமில்லாதிருந்தமையால் இப்பட்டமும் நெடுங்காலம் அவர்களைச் சேரவில்லை. சியன்னா கத்தரீனாள், ஆவிலா தெரசாள் ஆகிய இருவரையும் உரோமத் திருச்சபை தன் மறைவல்லுநர் வரிசையிற் சேர்த்தது 1970-இலேதான். முன்னவர் மறைந்து அப்போது ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பட்டம் ஒருவரைக் காக்குமா என்று கேட்டால், இருபதாம் நூற்றாண்டு ஜெர்மனி நமக்கு விடை கூறும். 1934-இல் பார்மன் நகரில் கூடிய திருச்சபையினர், அரசு சமயத்தின் தலையில் ஏறி அமரக் கூடாது என்று அறிக்கை விடுத்தனர். அதனைப் பெரும்பாலும் எழுதியவர் கார்ல் பார்த்து என்னும் இறையியல் பேராசிரியர். இட்லருக்கு வரம்பற்ற விசுவாச உறுதிமொழி கூற மறுத்தமையால் 1935-இல் பான் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். இளைஞரான போனாபர் 1945 ஏப்பிரல் 9-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அதே நாட்டில், 1939-இல், கிறித்தவத்திலிருந்து யூதச் சாயலை நீக்குவதற்கென்றே ஐசெனாக்கு நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அதனை நடத்தியவரும் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர் ஒருவரே. இருவரையும் ஒரே சொல்லால் குறிக்கின்றது அகராதி. சின்ன ஆசியாவில் அரசனுக்குப் புகழுரை கூறிய அந்தப் பழைய அலுவலர் நினைவுக்கு வருகின்றார் அல்லவா?

இனி, நாம் முதலிற் குறித்த முஃப்தியிடம் வருவோம். இசுலாத்தில் இறைவனின் ஒருமை, பண்புகள், விதி முதலியவற்றை ஆராயும் துறைக்குக் கலாம் என்று பெயர். பேச்சு என்பதே அச்சொல்லின் பொருள். கிரேக்கரின் 'லோகோஸ்' போன்றதே இதுவும். அத்துறை வல்லாரை முதகல்லிம் என்பர். முஃப்தியோ மார்க்கச் சட்டம் கற்றவர். இன்ன செயல் தகுமா, தகாதா என்று கேட்பவர்க்கு விடை கூறுபவர். இருவரையும் செய்தித்தாள் ஒரே கூடையிற் போட்டுவிடுகின்றது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் இறையியலுக்கென்று தனிப்புலமே உண்டு; சன்னி, ஷியா என இரு துறைகளாக அஃது இயங்குகின்றது. அப்பக்கம் வாழும் நம்மவர் இவ்வேறுபாட்டை அங்குள்ள நண்பர்களிடமே கேட்டுத் தெளியலாம். 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, கலாம் துறையில் தேர்ந்தவராயிருந்தும், பொதுமக்களை அத்துறை வாதங்களில் இறங்காமற் காக்கவேண்டும் என்று தம் இறுதிக் காலத்தில் ஒரு நூல் எழுதினார். கான்ஸ்தாந்திநோபிள் கடைத்தெருவைக் கண்ட கிரகோரியின் கவலையே பாக்தாதில் பதவி வகித்துத் துறந்த இவருக்கும் இருந்தது.

இந்த மாறுபாடுகளையெல்லாம் கேட்கும்போது நம் வீட்டுச் செல்வம் நினைவுக்கு வராமற் போகாது. புலவர், அறிஞர் என்னும் இருவரும் ஒரே பெயருக்குப் போட்டியிட்டது மேலைநாட்டு வரலாறு. சைவத்தில் அப்போட்டிக்கே இடமில்லாதபடி இரண்டு பெயர்கள் அமைந்தன. சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகிய பாடியருளிய நால்வர் சமயகுரவர். மெய்கண்டார், அருணந்தியார், மறைஞானசம்பந்தர், உமாபதியார் ஆகிய நால்வர் சந்தானகுரவர். இவர்கள் ஆசிரிய மாணாக்கர் வழியில் வந்து சாத்திரத்தை வகுத்தவர்கள். வைணவத்திலும் ஆழ்வார் வேறு, ஆசாரியர் வேறு. பாட்டு முன்னே வந்தது. ஆராய்ச்சி பின்னே வந்தது. பின்னே வந்தவர்கள் முன்னவரை வணங்கியே பேசினர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள், நாற்பதே அடிகள். அதன் வழிநூலாகிய சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பரபக்கம் என்னும் பகுதியை முதலில் வைத்துப் பிற கொள்கையினர் பதினால்வரின் வாதங்களை நிரல்பட எடுத்துக்கூறி மறுத்த பிறகே தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்திற்கு வருகின்றார். உலகாயதன் என்ன சொல்வான், பௌத்தன் என்ன சொல்வான் என்று அவர்கள் இடத்தில் நின்று சொல்லிப் பார்க்காமல் இவ்வேலையைச் செய்ய இயலாது. அக்குவினா தோமாவும் அருணந்தியாரும் ஒரே நூற்றாண்டினர், ஒருவரை ஒருவர் அறியாதவர், ஒரே முறையைக் கையாண்டனர் என்பது நமக்கு என்றும் வியப்பளிக்கும் செய்தி.

அருணந்தியார் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர், மெய்கண்டாரின் குடும்பத்திற்குக் குலகுரு, ஆண்டிலும் மூத்தவர். திருவெண்ணெய்நல்லூரில் சிறுபிள்ளையாகிய மெய்கண்டார் பலர்க்கும் உபதேசம் செய்கின்றார் எனக் கேட்டுச் சினந்து வந்தார். அப்போது அங்கே ஆணவ மலத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆணவத்தின் வடிவம் யாது என்று பண்டிதர் வினவினார். பிள்ளை ஒன்றும் பேசாமல் எதிரே நின்ற முதியவரையே ஏற இறங்க நோக்கினார். பண்டிதர்க்கு விடை கிடைத்துவிட்டது. அக்கணமே அடிபணிந்து மாணாக்கரானார் என்று மரபு கூறும். வரலாற்று ஆராய்ச்சியாளர் இக்கதையை எப்படி மதிப்பினும் மதிக்கட்டும். கடவுளைப் பற்றிப் பேசுகிறவர் தம்மை அந்த ஆராய்ச்சிக்கு வெளியே நிறுத்திக்கொள்ள முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதையை நாம் பிற மொழியிற் கேட்டதில்லை.

திருவரங்கத்திலே நம்பிள்ளை திருவாய்மொழிக்குக் கூறிய விளக்கத்தைக் கேட்டு, வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதிவைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. முப்பத்திரண்டு எழுத்து ஒரு படி எனக் கணக்கிட்டால் அதன் பரப்பு விளங்கும். ஆசாரியர் என்னும் சொல்லுக்கு நம் மரபு கூறும் இலக்கணமும் ஈண்டுக் கருதத்தக்கது. சாத்திரப் பொருளைத் திரட்டவேண்டும். பிறரை அதில் நிலைநிறுத்தவேண்டும். தாமும் அதன்படி ஒழுகவேண்டும். இம்மூன்றாம் உறுப்பு இன்றைய ஆங்கிலச் சொல்லில் இல்லை. ஆங்கில நூலாசிரியர் சிலர் சங்கரரைத் தத்துவஞானி என்றும் இராமாநுசரை இறையியலார் என்றும் பிரிப்பதுண்டு. இருவரும் பிரமசூத்திரத்திற்கே உரை கண்டனர். இருவரும் மறையையே அடிப்படையாகக் கொண்டனர். பின் ஏன் இப்பிரிவு? கடவுளைக் குணமுடையவராகக் கூறினால் இறையியல், குணங்கடந்த பொருளாகக் கூறினால் தத்துவம் என்பது மேலைநாட்டார் தமக்கு வசதியாக வைத்துக்கொண்ட அளவுகோல். அதனை நாம் ஏற்கவேண்டுவதில்லை.

இந்நாட்டுக் கிறித்தவ இறையியலுக்கும் நம்மவர்க்கும் உள்ள தொடர்பை ஒரு சொல் சொல்லி முடிப்போம். கொல்கத்தாவில் வாழும் நேயர்களுக்கு அருகிலுள்ள சீராம்பூர்க் கல்லூரி 1818-இல் தொடங்கப்பெற்றது. 1827-இல் தென்மார்க்கு அரசரிடமிருந்து பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. இன்றும் நாடெங்கும் உள்ள இறையியல் கல்லூரிகள் பல அதன் பட்டங்களையே வழங்குகின்றன. ஆனால் சென்னையிற் புதுவழி காட்டிய இருவர் அத்தகைய கல்லூரி ஆசிரியரல்லர். சென்சையா நீதிபதி, சக்கரைச் செட்டியார் வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், சென்னை நகர மேயராகவும் இருந்தவர். கிறித்தவத்தை இந்திய மண்ணில் நின்று மறுபடி எண்ணிப் பார்க்கவேண்டும் என்று 1938-இல் வெளிவந்த தொகுப்பு நூலில் இருவரும் எழுதினர். திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து ஆயரான ஆ. ஜே. அப்பாசாமி, பக்திமார்க்கமாகவே கிறித்தவத்தை விளக்கினார். அவர் எடுத்துக்காட்டியவை பெரும்பாலும் நம் சைவ வைணவ அடியார்களின் பாடல்களே.

'இறையியல்' என்னும் சொல்லைத் தமிழிற் பரப்பியதிற் பெரும்பங்கு கிறித்தவக் கல்லூரிகளுக்கு உண்டு. மதுரை அரசரடியில் உள்ள கல்லூரியின் பெயரிலேயே அது விளங்குகின்றது. நல்ல சொல், அதனை எச்சமயத்தார்க்கும் வழங்கலாம். ஒரு சமயத்தின் உள்ளே நின்று, அதன் நம்பிக்கையை முறைப்பட ஆராய்ந்து, ஐயங்களுக்கு விடைகூற முற்படுபவர் இறையியலார். வெளியே நின்று சமயங்களை ஒப்பிட்டு ஆராய்பவரைச் சமய ஆராய்ச்சியாளர் என்போம். வழிபாடு நடத்துபவர் குருக்கள், பாதிரியார், இமாம் எனத் தத்தம் பெயராலேயே வழங்கட்டும். செய்தித்தாளின் முஃப்தியை மார்க்கச் சட்ட அறிஞர் எனலாம். கர்தினாலைப் பொறுத்தவரை, அவர் எழுதிய நூலைப் பார்த்த பிறகே சொல்லமுடியும். பதவி மட்டும் போதாது. இராமாநுசருக்குப் புதுப்பெயர் ஒன்றும் தேடவேண்டுவதில்லை. ஆசாரியர் என்றே அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.